இரு வாயிற் காவலர்

விழிப்புடைமை அரியதொரு குணம். வளைகுடா நாட்டு ரூவியை அடுத்த பள்ளியொன்றில் அக்குணம் காலை ஆறே முக்கால் மணிக்குப் பேருந்து வாயிலில் சீழ்க்கை ஊதிக்கொண்டு நிற்கும். பெயர் பத்திநாதன், ஊர் தூத்துக்குடிக் கடற்கரை, பதவி பாதுகாப்பு மேற்பார்வையாளர்.

வலக்கையில் உலோகம் கண்டால் கூவும் கறுப்புக் கோல். அவர் வாயில் அதற்கு ‘மெசின்’ என்று பெயர். பேருந்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு பிள்ளையின் பைமீதும், தீபாராதனை காட்டுபவர்போல் அதை மேலும் கீழும் சுழற்றுவார். எவர்சில்வர் டப்பா இருந்தால் கோல் தவறாது கூவும்.

“ஏ பிள்ள, தொற. இன்னைக்கும் புளிச்சோறா? ஒங்கம்மைக்கு வேற ஒண்ணும் பொங்கத் தெரியாதோ? சரி, யல்லா, யல்லா, நட!”

ஒரு காலையில் நாற்பது ஐம்பது டப்பாக்கள் இவ்வாறு முகர்ந்து ஆராயப்பெறும். கவராயங்களும் தலைக்கிளிப்புகளும் சிறைப்படும். அவற்றை வரிசையாக அடுக்கிப் படமெடுத்து, ‘இன்று பிடிபட்டவை’ என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிய பின்னரே அவருக்குத் தேநீர் இறங்கும்.

பேருந்துகள் போனதும் கார் வாயிலுக்கு நடப்பார். அங்கே கோல் இடுப்பில் தொங்கும். கை நெற்றிக்கு ஏறும். குனிந்து வண்டிக் கதவைத் திறந்து, “குட்மார்னிங் தம்பி, அப்பா சொகமா இருக்காவளா?” என்பார். கருவறைமுன் நிற்கும் அடியவனும் அத்தனை குழைவு கொள்ளான். அந்த வாயிலில் ஒரு பையும் திறந்ததில்லை.

பெருநாள் விடுமுறை கழிந்த வாரத்தில் அவ்வழியே பிளாஸ்டிக் துப்பாக்கிகள் வந்தன. விளையாட்டுப் பொருளென்று கடைத்தெருவில் விற்பவை. பட்டாணியளவு குண்டு அவற்றிலிருந்து தெறிக்கும். அப்படித் தெறித்த ஒன்று ஆறாம் வகுப்பு அஃபீஃபாவின் வலக்கண்ணில் பாய்ந்தது. பார்வை மீளுமா என்று மருத்துவர் இன்றுவரை உறுதி சொல்லவில்லை. மறுநாள் பத்திநாதனின் விழிப்பு இருமடங்காயிற்று: பேருந்துப் பிள்ளைகளைக் காலணியும் கழற்றச் சொன்னார்.

பன்னிரண்டாம் வகுப்பு லிஜி கழற்றவில்லை. அவள் மருத்துவமனைச் செவிலி ஒருவரின் மகள். “சார், சுட்டது கார்ல வர்ற பையன். எங்க ஷூவ ஏன் சார் கழட்டணும்? ரெண்டு கேட்லயும் ஒரே செக்கிங் வைங்க.”

“அவிய பெரிய எடத்துப் பிள்ளைய. அவிய கம்பெனியிலதான் ஒங்க அப்பாமாரு டூட்டி பாக்காவ. ஒனக்குக் காண்டக்ட் சர்ட்டிபிகேட் வேண்டாமாக்கும்? கலாஸ், பேச்சு முடிஞ்சுது, போ.”

நன்னடத்தைச் சான்றிதழ் போனால் கல்லூரியும் போகும் என்பதை அறிந்தே அவள் அக்கோரிக்கைக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்கினாள். இருநூற்றுப் பதினேழு பெயர்கள் சேர்ந்தன. தாளோடு முதல்வர் அறைக்குச் சென்றவள், கார் நிறுத்துமிடத்துப் பூந்தொட்டியில் அகப்பட்ட துப்பாக்கியொன்றையும் மேசைமேல் வைத்தாள். பத்திநாதனும் அங்கிருந்தார்.

“சார், உங்க மெசின இதுமேல வச்சுக் காட்டுங்க.”

சுழற்றினார். கோல் வாய் திறக்கவில்லை. மறுபடியும் சுழற்றினார்.

“பேட்டரி வீக்கு, மேடம்.”

லிஜி தன் சோற்று டப்பாவை நீட்டினாள். கோல் கூவிற்று.

பிளாஸ்டிக்கை அறியாத கோலொன்றை ஏந்தி ஐந்தாண்டுக் காலம் புளிச்சோற்றுக்குக் காவல் நின்ற பெருமை அப்போதுதான் முதல்வருக்கு விளங்கிற்று. பள்ளி வாரம் தொடங்கும் ஞாயிறு முதல் இரு வாயிலிலும் எல்லாப் பைகளையும் கையால் திறந்து பார்க்க வேண்டும். மாணவர் ஒருவர் உடன்நின்று குறிக்க வேண்டும். ஆணை அன்றே ஒப்பமாயிற்று.

ஞாயிறன்று கார் வாயிலில் லிஜி குறிப்பேட்டுடன் நின்றாள். வெள்ளை வண்டி வந்தது. நிர்வாகக் குழு உறுப்பினரின் மகன் இறங்கினான். அஃபீஃபாவைச் சுட்டவன் இவனே என்று பள்ளி முழுவதும் அறியும்.

“சார், பேக்கத் தொறங்க.”

“தொறப்போம் பிள்ள, தொறப்போம். தம்பிக்கு வெயிலு அடிக்குல்லா?”

“நாங்க அரை மணி நேரமா இதே வெயில்லதான் சார் நிக்கிறோம்.”

பத்திநாதன் பையனின் தோளிலிருந்து பையை இறக்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். ஜிப் பாதி திறந்திருந்தது. அந்த வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தியபடி, பையன் முன்னே கைவீசி நடக்க, வகுப்புவரை தாமே சுமந்து படியேறினார்.

அவர் இல்லம் தழைக்க. அவர் மனையாள் மஞ்சளும் மகிழ்வுமாய் நெடிது வாழ்க. அந்தப் படிக்கட்டை ஒட்டிய மூன்றாம் வகுப்பில் பயிலும் அவர்தம் ஒரே மகளின் இரு கண்ணையும் இறைவன் இமையாய் நின்று காக்க.