ஸ்பீக்கரில் சாதிக் பாய்

ஆழ்ந்த பரிசீலனைக்குப் பிறகு இன்று மாலை ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். என் மேசைமேல் இருக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் சுவிட்சை இனி போடுவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் அனைவரும் கவனத்தில் கொள்ளவும்.

சம்பந்தப்பட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர், சாதிக் பாய், நேற்று இறந்துவிட்டார். மாரடைப்பு.

ஆபீஸில் பல வருடம் எனக்குப் பக்கத்து சீட். அவர் வீடு டவுனுக்குள், என் வீடு வேங்கிக்காலுக்கு வெளியே.

எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. அதைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்து எல்இடி விளக்கு, குட்டி மோட்டார், நாங்களே செய்த ரேடியோ என்று எதையாவது ஓட்டிப் பார்ப்போம். அதுதான் எங்கள் ஹாபி.

பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்தால் கம்ப்யூட்டர் இல்லாமலே பெட்டி ஓடும். வெளியே வருவது பன்னிரண்டு வோல்ட், அது ஒன்றும் செய்யாது. பெட்டிக்கு உள்ளே இருப்பதுதான் வேறு... பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

பாய்க்கு இது ஒரு நாள் தெரியவந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறந்தார். டப்பென்று ஒரு சத்தம். ஸ்க்ரூடிரைவர் முனை உருகிவிட்டது. மறுநாள் ஆபீஸில் பேனாவைக்கூட யோசித்துத்தான் தொட்டார்.

அதன்பிறகு ஒரு விதி செய்தார். யார் பெட்டியைத் தொட்டாலும் முதலில் மற்றவருக்கு போன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வேலை முடியும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் அடுத்தவர் வண்டியை எடுக்க வேண்டும்.

"பேசு குமாரு. இன்னாத்துக்கு கம்முனு இருக்கற?"

"ஸ்க்ரூவ வாயில வெச்சிருக்கேன் பாய்."

"துப்பிட்டுப் பேசுய்யா. எனக்கு இங்க உயிரே போவுது."

"இதுக்கு நேர்லயே வந்து உக்காரலாமே."

"வந்தா ரெண்டு பேருக்கும் ஷாக் அடிக்கும். ஒருத்தனாவது மிஞ்ச வேணாமா?"

பௌர்ணமி அன்று மட்டும் பெட்டியைத் தொட அனுமதி கிடையாது.

"இன்னிக்கி வேணாம். கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி, வண்டி நகராது. நீ சுருண்டு கெடந்தின்னா நான் நடந்துதான் வரணும். வர்றதுக்குள்ள..."

அந்த வாக்கியத்தை அவர் ஒருமுறைகூட முடித்ததில்லை. மாதம் ஒரு நாள் எங்கள் விஞ்ஞானத்துக்கு விடுமுறை.

நேற்று சாயந்திரம் பாய் நம்பரில் இருந்து போன் வந்தது. பழக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டேன். அவர் மனைவி.

"அண்ணா, டிவி பாத்துட்டிருந்தாரு... கூப்ட்டா பேச மாட்டேங்கறாரு. பக்கத்துல யாரும் இல்ல. சீக்கிரம் வாங்கண்ணா."

போனை கட் செய்யவில்லை. ஸ்பீக்கரிலேயே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். "ஏங்க... ஏங்க..." என்று அவர் மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது வழியெல்லாம் கேட்டது. பாய் குரல் மட்டும் வரவில்லை.

இன்று அடக்கம் முடிந்தது.

பெட்டி மேசைமேல்தான் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கியாயிற்று. இருந்தும் கிட்டே போகத் தைரியம் வரவில்லை.

போய் வாங்க பாய்.

நேற்று பௌர்ணமி. வண்டிகளை வேங்கிக்காலிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்துதான் போனேன்.