காப்பர் ஸ்டோர் கதவில் ஏற்றிய முகம்

"ஏனுங்ணா, உங்க மிஷின் ஒரு திருடிய புடிச்சுக் குடுத்துருச்சுங்ணா!"

காலை ஒன்பது மணிக்கு வந்த போன். பேசியவர் கிஷோர். கோயம்புத்தூரில் கணபதி பக்கம் அவருக்குப் பம்ப் கம்பெனியும் அதை ஒட்டி ஃபவுண்டரியும் உண்டு. அப்பா கையிலிருந்து அவர் கைக்குக் கம்பெனி வந்து மூன்று வருஷம். முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கிற ஏஐ மிஷினை அவருடைய ஸ்டோருக்கு மாட்டிக் கொடுத்தது நான்தான். சிசிடிவி, கைரேகை, இப்போது முகம் என்று இருபத்தாறு வருஷமாகக் கோயம்புத்தூர் கம்பெனிகளில் ஏணி போட்டு ஏறி இறங்குகிறவன் நான். இந்த லைனுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டோரில் இரண்டு ரோல் காப்பர் ஒயர் காணவில்லை. யார் எப்போது கதவைத் திறந்தார் என்று மிஷின் ஒரு லாக் வைத்திருக்கும். அதில் புதன்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு 'ராஜாமணி' என்று இருக்கிறதாம். ராஜாமணி கோர் ஷாப்பில், அதாவது வார்ப்புக்குள் வைக்கிற மணல் அச்சுகளைச் செய்கிற இடத்தில், வேலை பார்க்கிற பெண்மணி. மணலை ஒட்டவைக்கிற பைண்டர் கேனும் கையுறையும் எடுக்க அந்த ஷாப்பில் அவர் ஒருத்தருக்குத்தான் ஸ்டோர் பர்மிஷன்.

"மத்தியானம் ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் குடுக்கறேன். நீங்க லாக்கை பிரிண்ட் எடுத்து, மிஷின் கரெக்டா வேலை செய்யுதுன்னு லெட்டர்பேடுல எழுதி, சீல் வெச்சுக் குடுங்ணா."

"குடுத்தறலாங்க சார்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மிஷின் எடுத்த போட்டோ

நான் போனபோது ராஜாமணி ஆபீஸ் ரூமில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எட்டு மணியிலிருந்து அப்படியே நிற்கிறாராம். உட்காரச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் மனசில்லை.

"நானில்லீங்க தம்பி. அந்நேரத்துக்கு வேப்பமரத்தடில எல்லாரோடயும் சோறு திங்கறனுங்க. அவளுகளையே கேட்டுப் பாருங்க."

"அவங்க உங்களுக்குத்தான பேசுவாங்க? மிஷினுக்கு யாரு மேல அம்மணி வஞ்சம்? அது பொய் சொல்லுமா?"

அப்படிக் கேட்டுவிட்டு கிஷோர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். கதவு திறக்கும்போது மிஷினே எடுத்த போட்டோ. தலையிலும் மூக்கிலும் சுற்றிய பச்சைத் துண்டு, மேலே முழுக்கைச் சட்டை, நடுவில் இரண்டு கண்கள். கோர் ஷாப் பெண்கள் எல்லாரும் மணல் தூசிக்காக அப்படித்தான் கட்டுவார்கள். துண்டும் ஒரே துண்டுதான், ஆயுத பூஜைக்குக் கம்பெனியே எல்லாருக்கும் கொடுப்பது.

அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு நான் செய்த வேலை ஞாபகம் வந்துவிட்டது.

மிஷின் மாட்டிய அன்றைக்கு முகத்தைப் பதிவு செய்கிற என்ரோல்மென்ட் வேலையை ஷிஃப்ட் நடுவில் செய்தேன். ராஜாமணி துண்டை அவிழ்க்கப் போனார். சூப்பர்வைசர் விடவில்லை. "அவுத்து, மூஞ்சி கழுவி, மறுக்காக் கட்டறதுக்குள்ள பத்து கோர் போயிரும். கட்டுன மேனிக்கே எடுங்க" என்றார். நானும் முகம் மூடியிருந்தாலும் ஏற்கிற மாஸ்க் மோடு போட்டுத் துண்டோடு எடுத்துவிட்டேன். ஆனால் கதவில் நிறுத்தினால் மிஷின் அவரை ஏற்கவே இல்லை. எவ்வளவு ஒத்துப்போனால் 'இவர்தான்' என்று முடிவு செய்யலாம் என்பதற்கு த்ரெஷோல்டு என்று ஒரு அளவு உண்டு. அதை எண்பதிலிருந்து ஐம்பதுக்கு இறக்கினேன். உடனே 'நன்றி, ராஜாமணி' என்றது. வேலை முடிந்ததென்று கேன்டீனில் டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். என் லைனில் இருக்கிற முக்கால்வாசிப் பேர் செய்கிற வேலைதான் இது. ஒருத்தரும் வெளியே சொல்வதில்லை.

அந்த மிஷின் கற்றுக்கொண்டது ஒரு பச்சைத் துண்டை. அதற்கு ராஜாமணி என்று பெயர் வைத்தது நான். இருபத்திரண்டு வருஷம் அதே மணலில் நின்ற மனுஷி சொல்வது சபை ஏறவில்லை, போன மாசம் மாட்டிய டப்பா சொன்னது சாட்சியாம்! என்ன அநியாயம் இது?

கிஷோர் கட்டிய துண்டு

"லெட்டர் குடுக்க முடியாதுங்க சார்" என்றேன்.

"ஏனுங்ணா, பயந்துட்டீங்களா?"

"ஒரு துண்டு வாங்கி நீங்க கட்டுங்க. ஸ்டோருக்குப் போலாம்."

விளையாடுகிறேன் என்று நினைத்தார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். நம்பவில்லை. "ஏஐங்ணா அது, ஆளு மாறுனா தெரியாதா?" என்று சிரித்தார். அந்த வீம்பிலேயே வந்தார். ராஜாமணியும் பின்னாலேயே வந்தார். லோடு இறக்குகிறவர் ஒருவர் தன் பச்சைத் துண்டைக் கொடுத்தார். கிஷோருக்குப் பிரெஞ்சு தாடி. அது மறையும்படி கட்டிவிட்டேன். முதல் தடவை சிவப்பு விளக்கு. "பாத்தீங்களா?" என்றார். துண்டை நெற்றியில் இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடி நிற்கச் சொன்னேன்.

பச்சை விளக்கு. "நன்றி, ராஜாமணி." கதவு டக்கென்று திறந்துகொண்டது.

வாசலில் கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். கிஷோர் துண்டை அவிழ்த்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. ராஜாமணி பக்கம் பார்க்காமலே பேசினார்.

"சரி சரி. மிஷின் தப்புன்னு ஆயிப்போச்சு. போய் வேலையப் பாருங்க அம்மணி."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. 'மன்னிப்புக் கேளுங்க சார்' என்று எனக்கு வாய் வரை வந்தது. அதற்குள் ராஜாமணியே பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"இருங்க தம்பி. காத்தால மிஷின் சொல்லுச்சுன்னு என்னையத் திருடின்னீங்க. இப்ப அதே மிஷின் சொல்லுச்சுன்னு இல்லைங்கறீங்க. நடுவுல நானுந்தான் நின்ன காலோட சொல்லீட்டே இருந்தனுங்க. அது யாரு காதுலயும் உழுகலீங்களா?"

கிஷோர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ராஜாமணி கோர் ஷாப்புக்குப் போகவில்லை. நேரே கேட்டுக்கு நடந்தார். மறுநாளும் வேலைக்கு வரவில்லை. ஒயரை யார் எடுத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போதெல்லாம் துண்டை அவிழ்த்து, முகம் கழுவ நேரம் கொடுத்தால்தான் நான் என்ரோல்மென்ட் செய்கிறேன். த்ரெஷோல்டை இறக்கச் சொன்னால் ஏணியை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் அதைச் செய்துவிட்டதால் யோக்கியனாகிவிட்டேன் என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மாவின் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். ஆபீஸ் ரூமுக்குள் போனதும் நானும் கம்ப்யூட்டரைத்தான் பார்த்தேன். சுவரோரம் நின்றவரிடம் "என்ன நடந்துச்சுங்க அக்கா?" என்று கேட்கவே இல்லை.