நகம் பார்க்காத நடுவர்

அந்த வருஷம் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி தியாகதுருகத்தில் நடந்தது. அப்போது நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் அணி முதல் நாளே தோற்று ஊர் திரும்பிவிட்டது. மீதி ஆட்டங்களைப் பார்க்கத் தங்கிவிட்ட என் கையில் விசிலைக் கொடுத்து, பெண்கள் கபடி இறுதி ஆட்டத்துக்கு நடுவராக்கிவிட்டார்கள்.

இறுதிக்கு வந்த ஓர் அணி வெள்ளிமலைப் பக்கத்து உறைவிடப் பள்ளி. இன்னொன்று சமவெளிப் பள்ளி. அதன் பயிற்சியாளர் என்னோடு கல்லூரி அணியில் ஆடியவள். மூன்று வருஷம் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஆட்டக்களத்தில் நின்றிருக்கிறோம்.

ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் மலைப் பள்ளி டீச்சர் என்னிடம் வந்தார். சின்ன வயசு. வளைவு வளைவாகப் பஸ்ஸில் இறங்கி வந்ததில் ஏதோ ஒரு பிள்ளை அவர் துப்பட்டாவில் வாந்தி எடுத்திருக்க வேண்டும். ஓரம் ஈரமாக இருந்தது.

“மிஸ், அவங்க லெஃப்ட் கார்னர் பொண்ண கொஞ்சம் பாருங்க. நேத்து அரையிறுதில அது புடிச்ச காலெல்லாம் ரத்தம். நாங்க பார்த்துக்கினுதான் இருந்தோம்.”

“நேத்தே சொல்ல வேண்டியதுதானே?”

“அது எங்க மேட்ச் இல்லியே மிஸ்.”

ஆட்டத்துக்கு முன் வரும் புகாரை நான் நம்புவதில்லை. நடுவர் மனசில் ஒரு பெண்ணை முன்கூட்டியே கெட்டவளாக்கிவிட்டால், அவள் ஒழுங்காகப் பிடித்தாலும் விசில் ஊதத் தோன்றும். என் அணிக்குப் பயிற்சியாளராக நின்ற ஆட்டங்களில் நானே அப்படிப் புகார் சொல்லியிருக்கிறேன். “ஆட்டத்துல பார்த்துக்கலாம்” என்றேன். அவர் என்னையும், எதிர்ப்பக்கம் நின்ற என் தோழியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் பழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் எல்லார் கைகளையும் பார்க்க வேண்டும். நகம் வளர்ந்திருக்கக் கூடாது. வளையல், மோதிரம் எதுவும் கூடாது. மலைப் பிள்ளைகளின் கைகளைப் பார்த்து முடித்தேன். இந்தப் பக்கம் வந்ததும் தோழி, “எல்லாம் நான் பார்த்துட்டேன்டி. வெயிலு ஏறுது, ஆரம்பி” என்றாள். நானும் ஆரம்பித்துவிட்டேன்.

மலை அணியில் ஒல்லியாக ஒரு பெண், நன்றாகப் பாடிப் போனாள். மூன்றாவது தடவை சமவெளி அணியின் லெஃப்ட் கார்னர் பெண் அவள் கணுக்காலைப் பிடித்தாள். சுத்தமான பிடி. ஆனால் பிடிபட்டவள் அலறிக்கொண்டு விழுந்தாள். டீச்சர் சொல்லிக்கொடுத்து நடிக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. “எழுந்திரு, ஆடு” என்றேன். அடுத்த தடவையும் அதே அலறல். டீச்சர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, “கண்ணு தெரியலியா மிஸ் உங்களுக்கு?” என்று கத்தினார். நான் எச்சரிக்கைக்கான பச்சை அட்டையை எடுத்து அவருக்குக் காட்டினேன். கூட்டம் கை தட்டியது. எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

இடைவேளையில் அந்த ஒல்லிப் பெண் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நடிக்கிறவள் காயத்தை நாலு பேருக்குக் காட்டியிருப்பாள். இவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழுவினாள். கிட்டே போனேன். இரண்டு கணுக்கால்களுக்கு மேலேயும் ஆழமான கீறல்கள். ஒரே மாதிரி, மண் ஒட்டியிருந்தது.

“எப்படிம்மா ஆச்சு?”

“தெரியல மிஸ். புடிக்கும்போது என்னமோ குத்துது.”

நகம் அப்படிக் கிழிக்காது. நேராகச் சமவெளி அணியிடம் போய்க் கைகளை நீட்டச் சொன்னேன். லெஃப்ட் கார்னர் பெண்ணின் நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. வலது கையை மட்டும் மூடியே வைத்திருந்தாள். திறக்கச் சொன்னேன். செம்பில் ஒரு நாக மோதிரம். படமெடுத்த தலையை உள்ளங்கைப் பக்கம் திருப்பியிருந்தாள்.

“கோயில்ல வாங்கினது மிஸ். கழட்ட வரல.”

“தலை ஏன் உள்பக்கம் இருக்குது?”

அவள் என் தோழியைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

“சின்னப் பொண்ணு, தெரியாம போட்டுக்கினு வந்துடுச்சு. மேல டேப்ப சுத்திக்கலாம், வுடு” என்றாள் தோழி.

சோப்பு கொண்டுவரச் சொன்னேன். சோப்பே தேவைப்படவில்லை, இழுத்ததும் வந்துவிட்டது. இரண்டாம் பாதி தொடங்கியதும் மஞ்சள் அட்டை காட்டி அவளை இரண்டு நிமிஷம் வெளியே உட்காரவைத்தேன். சிவப்பே காட்டியிருக்கலாம். கை வரவில்லை. ஒல்லிப் பெண் கட்டுப் போட்ட காலோடு கடைசிவரை வெளியே இருந்தாள். சமவெளி அணி இரண்டு புள்ளியில் ஜெயித்தது.

எல்லாரும் கலைந்த பிறகு தோழியிடம் கேட்டேன்: “உனக்குத் தெரியுமா?”

“இன்னா தெரியும்?” சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள். “ஒரு மோதிரத்துக்கு இவ்ளோ ஜாஸ்தியா பண்ற. நீ யாரு பக்கம்டி?”

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கல்லூரியில் நாங்கள் ஜெயித்த ஆட்டங்களை நினைத்தால்கூட, என் கையைப் பிடித்திருந்தது போக அவளுடைய இன்னொரு கை என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஒரு வாரத்தில் என்மேல் இரண்டு புகார் வந்தது. போட்டிகளை நடத்திய மூத்த ஆசிரியர் கூப்பிட்டு இரண்டையும் காட்டினார். மலைப் பள்ளிக்குப் பயந்து மஞ்சள் அட்டை காட்டினேன் என்று சமவெளிப் பள்ளி எழுதியிருந்தது. தோழிக்காகக் கை பார்க்காமல் ஆட்டத்தைத் தொடங்கினேன் என்று மலைப் பள்ளி எழுதியிருந்தது.

“ரெண்டு பக்கமும் திட்டினா நீ நேர்மையா ஊதியிருக்கேன்னு அர்த்தம். வுடும்மா” என்றார்.

“மலையிலிருந்து வந்தது சரிங்க சார். நான் கை பார்க்கல.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். “இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது வந்து பேசினாங்களா?”

இல்லை என்றேன். அவர் நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. ஆட்ட அறிக்கையை வாங்கி, கை பார்க்காததை அடியில் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் எனக்கு விசில் கிடைக்கவில்லை, கோடு பார்க்கும் வேலைதான். மலைப் பள்ளி அணி வரவேயில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று சொல்லியனுப்பியிருந்தார்களாம். நான் அதை நம்பவில்லை.