தன்னைத் தேடத் தெரியாத புரோகிராம்

என் கொழுந்தனாரின் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அதே கூடத்தில் ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன் நான். அந்த லேபிளை அச்சடிக்கும் புரோகிராம் அவள் எழுதியது. யாருடைய ரத்தம் எது என்பது அந்தத் துண்டுக் காகிதத்தில்தான் இருக்கிறது. "ஏதோ ஓடுது, விடு" என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. யோசிக்கும்போது நகம் கடிப்பாள். விடை கிடைத்துவிட்டால் பசிக்கிறது என்பாள்.

போன மாதம் அந்தப் புரோகிராம் திடீர் திடீரென்று நின்றது. லேபிளில் எது எங்கே வர வேண்டும் என்று சொல்லும் மாதிரிக் கோப்பைக் காணவில்லை என்று திரையில் வரும். கோப்போ புரோகிராமின் பக்கத்திலேயே, அதே ஃபோல்டரில் இருந்தது.

"திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன்," என்றார் மேனேஜர். "அப்புறமும் நின்னா வெளியில வாங்கிக்கலாம். உன்னோடதை நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு."

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் இருவரும் பாத்திரம் துலக்கும்போது நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"சொன்னா சிரிக்கக் கூடாது. காலையில வரவேற்புப் பொண்ணு திறந்தா அது நிக்கறதே இல்ல. மத்தியானம் மேனேஜர் திறந்தாதான் நிக்குது."

"அவர் மூஞ்சியைப் பார்த்து பயப்படுதா அக்கா?"

"அவ முன்திரையில இருக்கற படத்தைத் தட்டறா. அவர் பில் போடற திரையிலயே ஒரு பட்டனை அமுக்கறாரு."

நகம் வாய்க்குப் போனது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தது.

"பசிக்குதுக்கா."

சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். எங்கிருந்து கூப்பிடுகிறார்களோ அதையே தன் வீடு என்று புரோகிராம் நினைத்துக்கொள்கிறதாம். முன்திரைப் படம் அதைச் சொந்த ஃபோல்டரிலிருந்தே கூப்பிடுகிறது, அதனால் சிக்கல் இல்லை. பில் திரையிலிருந்து கூப்பிட்டால், பில்லின் ஃபோல்டரில் நின்று மாதிரியைத் தேடுகிறது.

"அப்போ அதோட விலாசத்தை உள்ளயே எழுதி வச்சிடேன்."

"நாளைக்கு வேற கம்ப்யூட்டருக்குக் குடி போனா? பழைய வீட்டுக் கதவைத் தட்டிட்டு நிக்கும்."

"கூப்பிட்டவங்களைக் கேக்கலாமே?"

"அவங்க வெறும் பேரை மட்டும் சொல்லிட்டுப் போயிடுவாங்க, விலாசம் இருக்காது. அதை ஓட வச்ச, கம்ப்யூட்டரோட இயங்குதளத்தைத்தான் புரோகிராம் கேக்கணும். இப்ப ஓடிட்டிருக்கேனே, என்னை நீ எந்தக் கோப்புலேருந்து எடுத்தேன்னு. அது முழு விலாசமும் சொல்லும். கடைசியில இருக்கற என் பேரை வெட்டிட்டா, மிச்சம் என் ஃபோல்டர். மாதிரி அங்கதான் இருக்கு."

திங்கட்கிழமை மேனேஜர் பட்டனை அமுக்கினார். லேபிள் வந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஃபோல்டரை அப்படியே இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஃபோல்டரின் பெயரை 'வெங்காயம்' என்று வைத்து, அங்கிருந்த பில் திரையில் பட்டனைப் புதிதாக இணைக்கச் சொன்னார். எல்லோரும் கூடிவிட்டோம். அவரே அமுக்கினார்.

அச்சு இயந்திரம் கிர்ரென்றது. லேபிள் வந்தது.

"இன்னும் எங்கயாவது ஒளிச்சு வைக்கணுமா சார்?" என்று கேட்டாள், பவ்யமாக.

வரவேற்புப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். மேனேஜரும் சிரித்துவிட்டார். "புதுக் கிளைக்கும் இதையே போட்டுடு," என்றார்.

"போடறேன் சார். ஆனா, எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சது அக்கா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனாலும் அன்று நான் தலை குனியவில்லை. எங்கள் வீட்டுப் பெண் ஜெயித்து நிற்பதைக் கண் நிறையப் பார்க்க வேண்டியிருந்தது.