மாணிக்க நடராசரும் ஆயிரத்தைந்நூறு மூட்டையும்

கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் சரக்கு மூட்டை எண்ணியவன் நான். 1946 தொடக்கத்தில், கடலூர் வணிகர் ஒருவர் தம் குமாஸ்தாக்கள் ஐவருக்கு அந்த வேலையைப் பழக்கிக் கொடுக்க என்னை வரவழைத்தார். ஆறு வாரமும் துறைமுகத்திலேயே கழிந்தன. இருபத்தைந்து மைலில் இருந்த சிதம்பரத்தை நான் பார்க்கவேயில்லை.

கடைசி ஞாயிறன்று அவர்களே முதன்முதலாக ஒரு கப்பலுக்குக் கணக்கெடுக்க வேண்டும். ஆயிரத்தைந்நூறு மூட்டை கச்சான், அதாவது வேர்க்கடலை. கடலூரில் மல்லாட்டை என்கிறார்கள்.

"நீங்க பக்கத்துல நின்னா எங்களுக்குக் கை ஓடாது சார். கோயிலுக்குப் போய்ட்டு வாங்க" என்றார் மூத்தவர் கலியபெருமாள்.

"கணக்குப் பிசகினால்?"

"எங்க வேல போவும். உங்களுக்கென்ன, ஊரு போய்ச் சேந்துடுவீங்க."

காலை ஐந்தரைக்குப் பஸ், கட்டணம் பத்தணா. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பின்புறம் கரியடுப்பு பொருத்தி அதன் வாயுவில் ஓட்டும் வண்டி. ஆலப்பாக்கத்தருகே நின்றுவிட்டது. பத்து மணிப் பூஜைக்குப் போய்விடுமா என்று டிரைவரை மூன்று முறை கேட்டேன்.

"எறங்கித் தள்ளுனா போவும் பெரியவரே. உக்காந்து கேட்டுக்கினே இருந்தா நாளைக்குத்தான்."

தள்ளினேன்.

ஒன்பதே முக்காலுக்குச் சிதம்பரம். ஏழுநிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. பொன் கூரைக்கு எதிரே கூட்டத்தில் நின்றும் மனம் கடலூரில்தான் இருந்தது. இந்நேரம் மூட்டை ஏற்றிய மூன்றாம் படகு, கரைக்குத் தள்ளிக் கடலில் நிற்கும் கப்பலை அடைந்திருக்கும்.

"கடியாரத்த அப்பறம் பாத்துக்கலாம். அங்க பாருங்க" என்றார் பக்கத்தில் நின்ற அம்மாள்.

ஒரு சாண்கூட இல்லாத மாணிக்க நடராசருக்கு அபிஷேகம் முடிந்திருந்தது. தீட்சிதர் முன்னால் தீபம் காட்டினார். கரிய கல்லாகத்தான் தெரிந்தது. பிறகு தீபம் பின்னால் போயிற்று. கல் முழுவதும் உள்ளிருந்தே சிவந்து எரிந்தது. தூக்கிய திருவடி, விரித்த கை, எல்லாவற்றையும் வெளிச்சம் ஊடுருவி நின்றது. படகுகள் எனக்கு அடியோடு மறந்துபோயின. எவ்வளவு நேரம் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

கடலூர் திரும்பும்போது மணி நான்கு. கப்பல் போய்விட்டிருந்தது. கலியபெருமாள் மணலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மூட்ட கொறையுதுன்னான் சார் கப்பல்காரன். இல்லன்னோம். கத்துனான். கடைசி அடுக்கப் பிரிச்சு எண்ணுன்னு அஞ்சு பேரும் நவுரல. பிரிச்சான். இருந்திச்சு."

"நான் இருந்திருந்தால்?"

"உங்க மொகத்தத்தான் பாத்துக்கினு நின்னிருப்போம்."

மறுநாள் தனுஷ்கோடி ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கொழும்பில் எத்தனையோ கப்பல் பார்த்தவன். இந்தப் பயணத்தில் இரண்டு அதிசயம். ஒன்றை நேரில் கண்டேன். மற்றதை நான் காணாமலிருந்ததே நல்லது.