கருப்பட்டியும் வெந்த வாயும்

முதலில் வந்தது நாற்றம்தான். மதுரை ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டாம் முறை மருந்து ஏற்றிப் படுத்திருந்தேன். எலி செத்துக் கிடக்கிறது, கட்டிலுக்கடியில் பாருங்கள் என்றேன். என் வீட்டுக்காரர் குனிந்து தேடினார். எலி இல்லை. நாறியது என் வாய்.

இதே சிகிச்சைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நாசூக்காகச் சொல்லப்போவதில்லை. கன்னத்தின் உள்தோல் உரிந்து வந்தது. துப்பினால் எச்சில் பசையாக நீண்டு தாடையில் தொங்கும். விரலால் வழித்தெறிய வேண்டும். சீ, இதுவா என் வாய் என்றிருந்தது.

எங்களுக்கு ஊர் திருத்தங்கல். வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவர். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. அதன் தூசியின் வேகத்தை முறிக்க வேலையாட்கள் கருப்பட்டித் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்கள். டாக்டரம்மா, “மருந்தோட வேகம்தான் வாயில தெரியுது” என்று சொன்னதும் வீட்டுக்காரருக்கு அந்த நினைப்புத்தான் ஓடியது.

“எல்லாம் மருந்துதானே. இத ஒதுக்கிக்க, வேகம் இறங்கிரும்” என்று ஒரு துண்டை நீட்டினார். எரிச்சலுக்கு இனிப்பு இதமாக இருந்தது. தினமும் ஒதுக்கினேன்.

நாக்கில் தயிர் அப்பியதுபோல வெள்ளை படர்ந்தது. காய்ச்சல் தூக்கியது. கேண்டிடா (பூஞ்சைத் தொற்று) என்றார் டாக்டரம்மா. கருப்பட்டியைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“பூஞ்சைக்குத் தீனி போட்டிருக்கீங்களே. இது ரத்தத்துல ஏறினா உயிருக்கே ஆபத்து. வாய் ஆறாம அடுத்த மருந்து ஏத்த முடியாது. ரொம்பத் தள்ளிப்போனா நோய் திரும்பிடும்.”

அன்றிலிருந்து உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிப்பு, நாக்கில் பூஞ்சைக்கான சொட்டு மருந்து. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த, ஒரு ரூபாய் காசு போடும் போனில் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கிண்ணத்தைப் பிடித்தார். பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மூஞ்சியத் திருப்பாதீக” என்றேன்.

“நாறுது புள்ள, என்ன செய்யச் சொல்லுத?”

பார்க்க வந்தவர்களெல்லாம் ஒன்றுமே நாறவில்லை என்று சாதித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்து உதடு வெடித்தது. கருப்பட்டிக்காக அவர் மேலிருந்த கோபம் அதோடு போயிற்று.

புண் மெல்ல ஆறியது. டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து, “ஏத்திடலாமா?” என்றார். வாய் திரும்பவும் அழுகத்தான் போகிறது என்று தெரிந்தே தலையாட்டினேன். அழுகவும் செய்தது.

இப்போது நோய் அடங்கியிருக்கிறது. எனக்கு மட்டும் நாள் கிழமைக் கணக்கு போய்விட்டது. வாய் வெந்திருக்கும் காலம், ஆறியிருக்கும் காலம், இரண்டுதான் உண்டு. இது ஆறியிருக்கும் காலம். காரச் சட்டினி தொட்டு இட்லி தின்கிறேன், கொஞ்சம் அவசரமாக.