சரிவிலும் பொய் சொல்லாத லீவர்

என் அண்ணி வெர்னாவுக்குப் பொய் சொல்லும் எதையும் பிடிக்காது. மனிதனானால் திட்டுவாள். இயந்திரமானால் பிரித்துப் போட்டுவிடுவாள்.

எங்கள் பலூஸ் பக்கம் கோதுமை குன்றுகளின் மேல்தான் விளைகிறது. சக்கரத்துக்குப் பதிலாக இருபுறமும் இரும்புச் செயின் மேல் ஓடும் செயின் ட்ராக்டர் இல்லாமல் அங்கே வேலை நடக்காது. அதற்கு ஸ்டியரிங் கிடையாது, இரண்டு லீவர்தான். இடது லீவரை இழுத்தால் இடது செயின் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபடும், வலது செயின் தள்ள வண்டி இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். விடுபட்ட செயின் முந்திக்கொண்டு ஓட, வண்டி வலப்பக்கம் போகும். ஆகவே எங்கள் ஆண்கள் இறக்கத்தில் மட்டும் லீவரை மாற்றி இழுக்கப் பழகியவர்கள். அப்படிப் பழகிய பெரியண்ணனே ஒருநாள் தடுமாறிப் பள்ளத்தில் கவிழ்ந்து இறந்துபோனார்.

அதன்பிறகு பட்டறைக்குள் புகுந்த வெர்னா இரண்டு குளிர்காலம் வெளியே தலைகாட்டவில்லை. அவள் கணவர், என் சின்னண்ணன் ஹால்வர், தட்டில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார். கடைசியில் ஒரு கியர்பெட்டி செய்து முடித்து, வண்டியில் மாட்டினாள். அதில் இரண்டு செயினும் எப்போதும் எஞ்சினோடு பிணைந்தே இருக்கும். லீவரை இழுத்தால் அந்தப் பக்கம் மெதுவாகும், மறுபக்கம் வேகமாகும். ஏற்றமோ இறக்கமோ, இழுத்த பக்கமே திரும்பும்.

"ஏறு. இந்தக் குன்றுக்கு இன்னொருத்தரைக் காவு குடுக்க மாட்டேன்" என்றாள் அண்ணனிடம்.

"தொட்டில் மாதிரி இருக்கே, தூங்கிடப் போறேன்" என்று கிண்டலடித்துக்கொண்டே அண்ணன் ஏற்றத்தில் போனார். இறங்கும்போது இடப்பக்கம் பள்ளம். வலப்பக்கம் திருப்ப நினைத்தவரின் கை, இருபது வருடப் பழக்கத்தில் இடது லீவரை இழுத்தது. வண்டியும் சொன்னபடி இடப்பக்கமே திரும்பியது. பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறையாக மிதித்து நிறுத்தினார். விளிம்புக்கு ஒரு முழம்தான் மிச்சம்.

வெர்னா ஓடிப்போய், இறங்கியவரின் நெஞ்சிலேயே குத்தி அழுதாள். "ரெண்டு வருஷமா வண்டியையே பாத்தேன். உன் கையப் பாக்க மறந்துட்டேனே!"

"வண்டி சரியாத்தான்டி இருக்கு. என் கைதான் திருந்தாது. பழசையே மாட்டிடு."

"மாட்ட மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

அண்ணன் அவளைச் சரிவில் வண்டி ஏறவே விட்டதில்லை. "ஏய், எறங்குடி! இது வெளையாட்டில்ல!"

"என் கைக்கு எந்தப் பழக்கமும் இல்ல. கூட வர்றியா, நடந்து வர்றியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏறேன்ணா! மானம் போனா போகுது, உசுரு இருக்கட்டும்" என்று கத்தினேன்.

ஏறினார். அவள் வண்டியைப் பின்னால் எடுத்து, மெல்ல இறக்கினாள். லீவரைப் பிடுங்கிவிடுவோமோ என்ற பயத்தில் அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். பள்ளத்தருகே அவள் வலது லீவரை இழுத்தபோது அவர் உடம்பே துள்ளியது. கைகள் மட்டும் வெளியே வரவில்லை. வண்டி வலப்பக்கம் திரும்பிக் கீழே வந்து நின்றது.

"இப்ப கைய எடுக்கலாம்" என்றாள்.

"மரத்துப் போச்சுடி. எடுக்க வரல."

அவளே இரண்டையும் வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்து, உணர்வு வரும்வரை தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.